நாலு விநாடி

காந்தி ரோட்டுக்குப் பின்சந்து லாட்ஜில்
சாவி எடுத்துக் கொடுப்பவன் நான்.
முன்னூற்றி ஆறில்
மேதினிப்பூரிலிருந்து ஓர் அண்ணன், ஒரு தங்கை.
அண்ணனுக்குக் கல்லீரல்.
தங்கைக்கு ஸ்டவ், குக்கர், நாள் வாடகைக் கணக்கு.
அவனை அவள் தாதா என்பாள்.
எங்க ஊர்ல தாதான்னா
அரிவாள் வெச்சிருப்பான் என்றேன், அரைகுறை இந்தியில்.
நாற்பத்தோரு கிலோ தாதா
கட்டிலில் சிரித்துச் சிரித்து இருமினான்.

என்னிடம் பத்து வார்த்தை கற்றாள் மௌசுமி.
தண்ணி, போதும், எவ்ளோ, நாளைக்கு.
எல்லாவற்றுக்கும் முதலில் கற்றது
'இல்ல'.
கடைக்குக் கடை அதைத்தானே சொல்கிறார்கள்.

அக்னி நட்சத்திரம்.
இரவு பதினொன்றுக்கும் மாடித்தரை சுட்டது.
காயும் போர்வைகளுக்கு நடுவே
முத்தம். கைகள்.
அவ்வளவுதான்.

நாலாம் நாள், ஊருக்கே கூட்டிப் போங்கள்
என்று சொல்லிவிட்டார்களாம்.
காட்பாடி வரை ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.
மறுநாள் பல் துலக்கித் துப்பினால்
நுரையில் இளஞ்சிவப்பு.
கீழுதட்டின் உள்ளே மிளகளவு புண்.
அது அன்றைக்கும் இருந்ததா?

தாதாவுக்கு எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்?
யாருடைய ரத்தம்?
அவன் வாந்தியை அள்ளிய கை
எந்தக் கை?
யாரோ அறையில் மறந்துவிட்டுப் போன தெர்மாமீட்டரை
அக்குளில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.
கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று
தடவித் தடவியே கழுத்து வலித்தது.
"இன்னாடா, எளச்சிப் போய்க் கீற?" என்றான் ரூம் பாய் துளசி.
வெயில் என்றேன்.

பத்தொன்பதாம் நாள் அவளிடமிருந்து
ஒரு குரல் செய்தி. நாலு விநாடி.
நான் திறக்கவில்லை.
குரல் வழியாகவும் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல்
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
மனசுக்குள் அவளுக்குப் பெயர் போயிருந்தது.
'அது' ஆகியிருந்தாள்.

பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி.
அங்கே வாட்ச்மேன் வரை என்னைத் தெரியும்.
அதனால் நாற்பத்தைந்தாம் நாள்
அடுக்கம்பாறைக்குப் பஸ் ஏறினேன்.
நம்பிக்கை மையம் எங்கே என்று யாரையும் கேட்காமல்
மூன்று சுற்று சுற்றினேன்.

பெஞ்சில் ஒரு பெண்.
மாத மாத்திரையைச் சாப்பாட்டுக் கூடையில் அடுக்கிக்கொண்டு
"உக்காருப்பா" என்று நகர்ந்து இடம் விட்டாள்.
கால் வலிக்கவில்லை என்று சொல்லி
நின்றேன்.
பால் கறக்க நேரமாச்சு என்று
அவள் கிளம்பிய பிறகும்
நின்றேன்.

குணசுந்தரி மேடம் எல்லாம் கேட்டார்.
பேனாவை மூடினார்.
"முத்தத்துல வராது. தொட்டாலும் வராது."
வாய்ப்புண், மேடம்?
"தம்பி, நீங்க டெஸ்டுக்கே வர வேண்டியதில்ல.
வந்துட்டீங்க, எடுத்துக்கலாம்.
அப்புறமாவது தூங்குவீங்களா?"

சாயந்திரம் தாளைப் பார்த்துப் படித்தார்:
"நான் ரியாக்டிவ்."
நானா?
நான்தான் ரியாக்டிவா, மேடம்?
சுவரைப் பிடித்துக்கொண்ட என்னைப் பார்த்து
முதலில் விழித்தார், பிறகு
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.
"அய்யோ, அந்த 'நான்' இல்லப்பா.
ஒண்ணுமில்ல. உனக்கு ஒண்ணுமே இல்ல."

பஸ் ஸ்டாப்பில் ஒரு கரும்புச்சாறு குடித்தேன்.
இன்னொன்றும் குடித்தேன்.
ஜன்னலோர சீட்.
பயமில்லாதவனாகப் போனை எடுத்து, இப்போது
தாராளமாக, அவள் குரலைத் தொட்டேன்.

தாதா
இல்ல.

முன்னால் ஒரு மூச்சு, பின்னால் ஒரு மூச்சு.
அதோடு நாலு விநாடி முடிந்தது.

இருபத்தாறு நாள் அதைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.
என்ன டைப் செய்வது?
தண்ணி, எவ்ளோ, போதும், நாளைக்கு...
நான் சொல்லிக் கொடுத்த பத்தில்
இதற்கு ஒன்றுகூட இல்லை.
கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்டுவிட்டார்.
பாகாயம் தாண்டும்போது
நாக்கு தன்பாட்டுக்குக் கீழுதட்டைத் துழாவியது.
வழுவழுவென்றிருந்தது.
என்றைக்கு ஆறியதோ.